பூப்போட்டுப் பார்ப்பதும் சீட்டுப் போடுவதும்
(திண்டுக்கல் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேசப்போவது பெரிய வேதாந்த விஷயமல்ல. இந்தத் திண்டுக்கல் சுற்று வட்டாரத்திலே நடக்கிற ஒரு சாதாரண சங்கதிதான். பெண்ணுக்கு ஒரு வரன் வந்தால் என்ன செய்கிறோம்? வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்லுகிறோம். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்கிறோம். சிவப்பு வந்தால் வரனைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். கிணறு வெட்டவும் பூ, பூட்டுப் பட்டறை வைக்கவும் பூ, காய்ச்சலில் கிடப்பவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்பதற்கும் பூ!

சாமி பதில் சொல்லுவது வாஸ்தவமானால் ஒரு தடவை கேட்டதோடு நிறுத்திக் கொள்ள வேண்டுமல்லவா? நிறுத்துகிறோமா? பணக்கார வரனாயிருந்து சிவப்புப் பூ வந்துவிட்டால், “குழந்தை சரியாகக் கும்பிடவில்லை, இன்னொரு தரம் போடு” என்கிறோம். மறுபடியும் சிவப்பு வந்தால், “மூன்றாவதுதான் கணக்கு” என்கிறோம். தோழர்களே, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டில் ஒன்றை எடுப்பதை 3 தடவை செய்தால் 8 விதமாக வரலாம். மூன்றும் சிவப்பாகவே வருவது அந்த எட்டில் ஒரு விதந்தான். மற்ற ஏழிலும் ஒரு தடவையாவது வெள்ளை வந்தே தீரும். ஆகவே மூன்று தரம் கேட்கத் துணிந்தவனுக்கு, சாமி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எட்டுக்கு ஏழு பங்கு உத்தரவு முன்கூட்டியே தயாராயிருக்கிறது. இன்னொரு சங்கதி: சிவப்பைக் கண்டதும் முகம் சுளிக்கிறாரே, அப்போதே அவர் மனதில் என்ன இருந்தது என்பது வெளியாகிவிட்டது. பிறகு பூ எதற்கு?

சீட்டுப் போடுவதே குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. அண்ணன் தம்பிகள் சொத்தைச் சரி பாகமாகப் பிரித்தபின், எந்தப் பங்கு யாருக்கு என்று சீட்டெடுத்தால் சண்டை மிச்சம். தேர்தலில் இருவருக்கும் சமமான ஓட்டு விழுந்தால் சீட்டுப் போட்டுத் தீர்க்கவேண்டுமென்று 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்லுகிறது. அங்கே சூடம் கொளுத்துவதில்லை. இரண்டு பக்கமும் சமம், வேறு வழியில்லை என்று தெரிந்தே சீட்டெடுக்கிறார்கள்.

உடனே சில பண்டிதர்கள் உத்திரமேரூர் குடவோலையைக் காட்டுவார்கள். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறு பையனை விட்டு எடுக்கச் செய்தார்கள். குலுக்கியதில் பித்தலாட்டம் இருந்ததாக நாம் சொல்லவில்லை. ஆனால் குடத்துக்குள் யார் பெயர் போயிற்று? அது சதுர்வேதிமங்கலம், பார்ப்பனர்களின் சபை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையும் வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அந்த நிலத்தை உழுதவன் பெயரைக் குடத்தில் போட்டார்களா? பெண்கள் பெயரைப் போட்டார்களா? குலுக்குவதற்கு முன்பே தீர்மானம் முடிந்துபோயிற்று, தோழர்களே! ஆனபடியால் சீட்டு நேர்மையா என்று கேட்பதற்கு முன்னால், சீட்டை எழுதியவன் யார் என்று கேளுங்கள்.

காய்ச்சல்காரனுக்குப் பூப்போடுவதைச் சொன்னோமல்லவா? அறிவோடு சீட்டுப் போட்டால் எத்தனை உயிர் பிழைக்குமென்பதற்கு நம் சென்னையே அத்தாட்சி. 1956-ல் அங்கே காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம் ஏற்பட்டது. இந்த நோய்க்காரனைச் சானடோரியத்தில் படுக்க வைத்தால்தான் குணமாகும் என்பது அந்நாளைய எண்ணம். ஏழைகளுக்கெல்லாம் படுக்கைக்கு எங்கே போவது? மருந்தை வீட்டிலிருந்தே சாப்பிட்டால் போதுமா என்று பார்க்க நினைத்தார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை டாக்டரே பொறுக்கினால், முற்றிய நோயாளிகளை ஒரு பக்கம் சேர்த்துவிடக்கூடும், கணக்குக் கெட்டுப்போகும். அதனால் குலுக்கல் மாதிரியே, ஆள் முகம் பாராமல் பிரித்தார்கள். பிறகு ஒரு வருஷம் மருந்து கொடுத்து, சளியைப் பரிசோதித்து, படம் எடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள். அதற்குப் பின் உலகமெங்கும் இந்த நோய்க்கு வைத்தியம் செய்கிற முறையே மாறியது. நமது பூசாரி பூ விழுந்தவுடன் மூட்டையைக் கட்டிவிடுகிறார். அவர்களோ சீட்டு விழுந்த பிறகுதான் வேலையையே ஆரம்பித்தார்கள்.

இனி, முதலில் சொன்ன அந்தப் பெண்ணிடம் வருவோம். சாமி முன்னால் எல்லாரும் கூடி நிற்கிறோம். பொட்டலத்தை எடுக்கிற ஐந்து வயதுக் குழந்தையின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். இருபது வயதுப் பெண் அடுப்பங்கரைக் கதவோரத்தில் நிற்கிறாள். அவளுக்கு வாயும் இருக்கிறது, அறிவும் இருக்கிறது, அந்தப் பையனோடு ஆயுள் முழுதும் வாழப்போகிறவளும் அவளே. அடுத்த தரம் பொட்டலம் கட்டுவதற்கு முன்னால் அவளை ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் சொன்னது என்னவென்று அடுத்த கூட்டத்துக்கு வந்து நமக்கும் சொல்லுங்கள்.