பறங்கிக்காயின் முதுகும் வயிறும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பறங்கியையும் பூசணியையும் பற்றிப் பேச ஓர் அலுவலர் வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். விதையிட்டு, எருவிட்டு, நீர் பாய்ச்சி, பழ ஈக்கும் தப்பவைத்து, ஐந்து மாதம் காத்த காய் பறிப்பதற்குப் பத்து நாள் முன்னர் அழுகிப் போனால், அவ்விழப்பு முழுவதும் உழவரையே சாரும். செலவெல்லாம் செய்து முடித்த பின் வருகின்ற நட்டமாதலால் இதனைத் தனியே எடுத்துக்கொண்டேன்.

இப்பயிருக்கு நம் நாட்டில் பட்டம் இரண்டு. ஆனி, ஆடியில் விதைப்பது ஒன்று. மார்கழி, தையில் விதைப்பது மற்றொன்று. கோவையில் உருவான கோ 1 பறங்கி ஏறத்தாழ 175 நாட்களில் முற்றி, காய் ஒன்றுக்கு 7 அல்லது 8 கிலோ எடை தரும். கணக்கிட்டுப் பாருங்கள். முதற் பட்டத்தின் காய் வடகிழக்குப் பருவமழையில் பருக்கிறது. இரண்டாம் பட்டத்தின் காய் கத்திரி வெயிலில் பருக்கிறது. முன்னதற்கு வயிற்றில் ஈரம் பகை. பின்னதற்கு முதுகில் வெயில் பகை.

வெயிலை முதலில் பார்ப்போம். கதிர் நேரே படும் தோல், சுற்றியுள்ள காற்றைவிட மிகுதியாகச் சூடேறுகிறது. அவ்விடம் வெளுத்து, உலர்ந்து, அமுங்கிப் புண்ணாகிறது. அப்புண் வழியே பூஞ்சை நுழைகிறது. தொடக்கமுதல் வெயிலில் கிடந்த காயைவிட, இலை நிழலில் வளர்ந்து திடீரென வெளிப்பட்ட காயே எளிதில் வேகும். ஆதலின் களையெடுக்கும்போது கொடியைப் புரட்டிப் போடுதல் ஆகாது. கணுக்களில் இறங்கியுள்ள வேர்களும் அதனால் அறுந்துபோகும். சாம்பல் நோயால் இலை கருகிய கொடியில் காய்க்கு நிழல் நாம்தான் தரவேண்டும். வைக்கோலை மெல்லப் பரப்பலாம். காயைத் தொடாதவாறு தென்னங்கீற்றைச் சாய்த்து வைப்பது அதனினும் நன்று. பிளாஸ்டிக் தாள் கொண்டு மூடுவோரும் உளர். அது வெப்பத்தையும் ஆவியையும் உள்ளே அடைத்துக் காயை அவித்துவிடும்.

போட்டிக்கெனப் பெருங்காய் வளர்க்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. 2023-இல் மின்னசோட்டா மாநிலத் தோட்டக்கலை ஆசிரியர் ஒருவர் கலிபோர்னியாப் போட்டிக்குக் கொண்டுவந்த பறங்கிக்காயின் எடை 1,247 கிலோ! அத்தகைய காய் நமக்குச் சமையலுக்கும் ஆகாது, சந்தைக்கும் ஆகாது. ஆயினும் அவ்வளர்ப்பாளர்கள் காயின் மேல் நிழல்துணி கட்டுவதும், அடியில் மணலோ நீர் வடியும் விரிப்போ இடுவதும் நாம் கவனிக்கத்தக்கவை.

ஈரத்துக்கு வருவோம். காய் தரையில் படிந்திருக்கும் பகுதி காற்றும் ஒளியும் காணாதது. மண்ணில் வாழும் பித்தியம், ரைசாக்டோனியா போன்ற பூஞ்சைகள் அங்கேதான் பற்றும். காய் கைப்பிடி அளவாக இருக்கும்போதே, காம்பு முறுகாமல் தூக்கி, அடியில் இரு கை மணல் கொட்டி, உடைந்த நாட்டு ஓட்டைக் கவிழ்த்து வையுங்கள். ஓட்டின் குழிவு மேல்நோக்கி இருந்தால் அதுவே நீர் தேங்கும் கிண்ணமாகிவிடும். வைக்கோலைப் பலரும் சொல்வர். கோடைக்கு அது சரி. மழைப் பட்டத்துக்கு நான் அதனைப் பரிந்துரைப்பதில்லை. ஊறிய வைக்கோல் பல நாள் உலர்வதில்லை. பாசன நீரும் குழியோடு நிற்க வேண்டும், காயை நனைக்கலாகாது. நெடுநாள் காயவிட்டுப் பின் ஒரேயடியாகப் பாய்ச்சினால் காய் வெடிக்கும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு இங்கே ஒரு வேண்டுகோள். ஓர் உழவர் ஓடு வைத்துப் பயனில்லை, பொது வடிகால் தூர்ந்து வயல் முழுதும் நீர் நின்றால். புரட்டாசிக்குள் வடிகால்களைத் திறந்துவிடுங்கள். அழுகிய காய்களை அவ்வாய்க்காலிலேயே எறியும் வழக்கத்தையும் நிறுத்தவேண்டும். நோய் நீரோடு அடுத்த வயலுக்குச் செல்கிறது. பழ ஈயின் புழுக்களும் அக்காய்களில் உண்டு. இரண்டடி ஆழக் குழி வெட்டிப் புதைப்பதே முறை.

பறிக்கும்போது நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் இறங்காவிடில் பறங்கி முற்றிவிட்டது. இரண்டு அங்குலக் காம்போடு அறுக்க வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்கினால் அது பெயர்ந்து, அவ்விடமே அழுகலுக்கு வாயிலாகும். காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வைத்த பின்னரே ஏற்றுங்கள். வெண்பூசணியின் மேலுள்ள வெண்பொடியை அழகுக்காகத் துடைத்துவிடாதீர்கள். அதுவே அக்காயின் காப்பு. அப்பொடியோடு உத்தரத்தில் உறிகட்டித் தொங்கவிட்ட காய் பல மாதம் கெடாமல் இருக்கும்.