நிவாரணம் வேறு, நீதி வேறு

(மாணவர்களும் களப்பணியாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சேரியைக் கொளுத்துறாங்க. மறுநாள் யார் வர்றாங்க? தாசில்தார் வர்றார். கையில் காசோலை. செத்தவரின் வாரிசுக்கு ஒரு வேலை. கையெழுத்து வாங்கிக்கிட்டுப் போயிடுறாங்க. கொளுத்தியது யார், அதை வேடிக்கை பார்த்த அதிகாரி யார் என்கிற கேள்வி காசோலைக்கு அடியில் புதைந்துவிடுகிறது. இது நமக்குப் பழக்கப்பட்ட காட்சி. இன்றைக்கு நான் பேச வந்தது ரத்தத்தைப் பற்றி, அதுவும் பிரிட்டனில் நடந்ததைப் பற்றி. கேட்டு முடித்த பிறகு, இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று உங்களுக்குத் தோன்றும்.

ஹீமோபீலியா என்பது பிறவிக் குறைபாடு. அடிபட்டால் ரத்தம் சரியாக உறையாது. உறைவதற்குத் தேவையான பொருளை மற்றவர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்து, தூளாக்கிப் புட்டியில் அடைத்து விற்கும் மருந்து 1970களில் வந்தது. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து அதைத் தயாரித்தார்கள். ஒருவரிடம் கிருமி இருந்தால் போதும், மொத்தமும் கெட்டுப்போகும். பிரிட்டனில் எடுத்த பிளாஸ்மா அவர்களுக்குப் போதவில்லை. அமெரிக்காவிலிருந்து மருந்தை வாங்கினார்கள். அமெரிக்கக் கம்பெனிகள் யாரிடமிருந்து பிளாஸ்மா எடுத்தன? காசுக்கு விற்ற ஏழைகளிடம். சிறைக்கைதிகளிடம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏழையின் ரத்தம் கெட்ட ரத்தம் என்று யாராவது இதற்கு அர்த்தம் சொன்னால் விடாதீங்க. பிறப்பாலேயே தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்கள் நாம். இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும். வயிற்றுப்பாட்டுக்கு விற்பவர் தன் நோயைச் சொன்னால் அன்றைய காசு போச்சு. வாங்குகிறவன் கேட்டால் அவன் லாபம் போச்சு. அதனால் இவர் சொல்லவில்லை, அவன் கேட்கவில்லை. கெட்டுப்போனது வியாபாரம்.

இது தெரியாமல் நடந்ததா? ரத்தத்தைக் காசுக்கு வாங்கினால் ஆபத்து என்று ரிச்சர்ட் டிட்மஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1970லேயே புத்தகம் எழுதினார். 1975இல் உலக சுகாதார அமைப்பும் காசு வாங்காத ரத்த தானத்தை வலியுறுத்தியது. அதே ஆண்டு பிரிட்டிஷ் அமைச்சர் டேவிட் ஓவன், சில ஆண்டுகளில் சொந்த நாட்டு ரத்தத்தையே நம்பி நிற்போம் என்றார். நிற்கவில்லை. 1983 மே மாதம், அரசின் தொற்றுநோய்க் கண்காணிப்பு மையத்தின் தலைவர் ஸ்பென்ஸ் கால்பிரெய்த், அமெரிக்க மருந்தை நிறுத்துங்கள் என்று சுகாதாரத் துறைக்கு எழுதினார். துறை கேட்கவில்லை. ரத்தப் பொருள்கள் மூலம் எய்ட்ஸ் பரவுவதற்கு முடிவான ஆதாரம் இல்லை என்பதே அந்த ஆண்டு அரசு திருப்பித் திருப்பிச் சொன்ன பதில்.

முடிவான ஆதாரம் நோயாளிகளின் உடம்பில் வந்தது. ரத்தம் உறையாக் குறைபாடுள்ளவர்களில் சுமார் 1,250 பேருக்கு எச்.ஐ.வி. அதில் சுமார் 380 பேர் குழந்தைகள். ட்ரெலோர் என்ற உறைவிடப் பள்ளியில் 1970க்கும் 1987க்கும் இடையில் ஹீமோபீலியா உள்ள 122 மாணவர்கள் படித்தார்கள். இன்று உயிரோடு இருப்பவர்கள் ஏறக்குறைய 30 பேர். பிரசவத்தில், அறுவைச் சிகிச்சையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு மஞ்சள்காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் சி. எல்லாம் சேர்த்து 30,000 பேருக்கு மேல். செத்தவர்கள் சுமார் 3,000 பேர்.

அரசு என்ன செய்தது? அன்றைக்கு இருந்த நல்ல சிகிச்சையைத்தான் கொடுத்தோம் என்றது. 1988இல் ஓர் அறக்கட்டளை வைத்தது. அறக்கட்டளை என்றால் என்ன அர்த்தம்? தப்பு எங்களுடையது இல்லை, ஆனாலும் இரக்கப்படுகிறோம் என்று அர்த்தம். பாதிக்கப்பட்டவர் மனு எழுதி, தன் கஷ்டத்தை நிரூபித்துக் கையேந்தி நிற்கணும். 1991இல் எச்.ஐ.வி. வந்தவர்களுக்குப் பணம் கொடுக்கும்போது ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஹெபடைடிஸுக்காகவும் இனி வழக்குப் போட மாட்டேன் என்று அதில் இருந்தது. தங்கள் உடம்பில் ஹெபடைடிஸ் சி இருக்கிறதென்றே பலருக்கு அப்போது யாரும் சொல்லியிருக்கவில்லை. தோழர்களே, இதை நல்லா மனசில் வாங்கிக்குங்க. தெரியாத நோய்க்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிட்டாங்க.

அரசின் கோப்புகள் அழிக்கப்பட்டன. பலரின் மருத்துவமனைப் பதிவேடுகள் காணாமல் போயின. 2007இல் தனியார் முயற்சியில் ஒரு விசாரணை நடந்தது. யாரையும் கட்டாயப்படுத்திக் கூப்பிட அதற்கு அதிகாரம் இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் விடவில்லை. கூட்டம் போட்டார்கள், காகிதம் சேர்த்தார்கள், நாடாளுமன்ற வாசலில் நின்றார்கள். 2017இல்தான் முழு அதிகாரமுள்ள பொது விசாரணைக்கு அரசு இறங்கி வந்தது. நீதிபதி பிரையன் லாங்ஸ்டாஃப் 2024 மே 20 அன்று அறிக்கை கொடுத்தார். நடந்தது விபத்து அல்ல, உண்மை மறைக்கப்பட்டது என்று அதில் தெளிவாக எழுதினார். அன்றே பிரதமர் ரிஷி சுனக் மன்னிப்புக் கேட்டார். அக்டோபரில் அடுத்து வந்த அரசு 1,180 கோடி பவுண்டு ஒதுக்கியது. அதற்குப் பிறகும் என்ன ஆச்சு? பணம் போய்ச் சேரத் தாமதமாகிறது, அந்தத் தாமதமே இவர்களை மறுபடியும் காயப்படுத்துகிறது என்று 2025 ஜூலையில் அதே விசாரணை இன்னொரு அறிக்கை எழுத வேண்டியதாயிற்று.

இனி நம்ம ஊருக்கு வருவோம். 2018 டிசம்பர், சாத்தூர் அரசு மருத்துவமனை. கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு ரத்தசோகைக்காக ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. கொடுத்த இளைஞர் வேறொரு பரிசோதனையில் தன் நிலை தெரிந்தவுடன் தானே போய்ச் சொன்னார். அதனால்தான் விஷயம் வெளியே வந்தது. 2016லேயே ஒரு முகாமில் அவர் கொடுத்த ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கேட்பதற்கு முன்னால் உண்மையைச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான். ரத்த வங்கி ஊழியர்கள் மேல் நடவடிக்கை வந்தது. 2019இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடும், வேலையும், வீடும் கொடுக்கச் சொன்னது. 

2025 அக்டோபரில் ஜார்கண்டில், ஆதிவாசி மக்கள் பெருமளவில் வாழும் சாய்பாசாவில், தலசீமியா நோய்க்காக அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டிய ஐந்து குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. அதிகாரிகள் இடைநீக்கம். குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் அறிவிப்பு.

காசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்குங்க. மருந்துக்கும் சோற்றுக்கும் அது வேணும். அது யாரும் போடும் பிச்சையில்லை. ஆனால் ரத்தத்தைச் சோதிக்க வேண்டிய நேரத்தில் சோதிக்காத அரசு, பிறகு வருஷக்கணக்காக நோயாளியைச் சோதிக்கிறது. கடைசிப் படியில் நிற்கும் ஊழியரைத் தண்டித்துவிட்டு, ஆள் போடாமல், கருவி வாங்காமல், எச்சரிக்கைக் கடிதத்தை மடித்து வைத்தவர்களைக் காப்பாற்றுகிறது. பிரிட்டனில் பாதிக்கப்பட்டவர்கள் இதை உடைக்க நாற்பது ஆண்டு ஆயிற்று. அவர்கள் கையிலிருந்த ஆயுதம் இரண்டுதான்: சங்கமும் காகிதமும்.

களத்தில் வேலை செய்கிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் மக்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் கூடப் போங்க. சீட்டு, பரிசோதனை முடிவு, ஏற்றிய ரத்தப் பையின் எண், எல்லாத்துக்கும் நகல் எடுத்து வைங்க. அதிகாரி காசோலையோடு வந்தால் வாங்கிக்குங்க. கூடவே நீட்டுகிற காகிதத்தை வரி விடாமல் படிச்சுக் காட்டுங்க. பணத்துக்குக் கையெழுத்துப் போடலாம். யார் செய்தது என்று கேட்கும் உரிமையை மட்டும் யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதீங்க.