அரளிக்கு என்ன வேலை?

நாற்கரச் சாலை நடுவுல அரளிச் செடி வரிசையா நிக்கிறதைப் பாத்திருப்பீங்க. அழகுக்கு வச்சதுன்னு நினைப்போம். ஆனா அதுக்கு முக்கியமான வேலை ராத்திரியிலதான். எதிர்ப்பக்கம் வர்ற வண்டியோட ஹெட்லைட் நம்ம கண்ணுல அடிக்காம அது மறைக்குது. தண்ணி அதிகம் கேக்காது. விஷச்செடிங்கிறதால ஆடு மாடும் வாய் வைக்காது.

இருட்டுக்குப் பழகின கண்ணுல திடீர்னு வெளிச்சம் அடிச்சா, இருட்டுல பாக்க உதவுற விழித்திரை நிறமி வெளுத்துப்போகும். பார்வை தெளியச் சில விநாடி ஆகும். வயசானவங்களுக்கு இன்னும் கூடுதல். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துல 2 விநாடின்னா, ஏறக்குறைய 44 மீட்டர் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டின கணக்கு!

அரளி இல்லாத ஊர்ச் சாலையில? எதிர்ல வர்றவர் டிம் பண்ணலைன்னா, கோபத்துல நாமும் பிரைட் போடுறோம். இப்ப ரெண்டு பேருக்குமே ரோடு தெரியாது. இதுல என்ன வீரமோ! அவர் விளக்கைப் பாக்காம, இடதுபக்க வெள்ளைக்கோட்டைப் பாத்து வேகத்தைக் குறைங்க. முன்கண்ணாடியை உள்பக்கமும் துடைச்சு வைங்க. அழுக்குக் கண்ணாடி கூச்சத்தைக் கூட்டும்.

இன்னிக்கு ராத்திரி வண்டி எடுக்கிறவங்க, எதிர்ல வண்டி தெரிஞ்சதும் நீங்களே முதல்ல டிம் பண்ணிடுங்க.