நகரத் தூய்மையும் நமது கடமையும்



ஊரார் விழிக்குமுன் வீதி கூட்டியவர்கள் நம் தாய்மார்கள். எனினும் குப்பை வண்டி கடைசியாக வந்தது நம் தெருவுக்கே. பணியில் இழிவில்லை, அதனை ஒரு குலத்தார்க்கே உரியதென ஒதுக்கியதுதான் இழிவு.

தூய்மையான தெரு நமக்கு எவரும் இடும் பிச்சையன்று. 1992-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம், குடிநீர், பொதுச் சுகாதாரம், குப்பை அகற்றல் ஆகியவற்றை நகராட்சிகளுக்குரிய பணிகளின் பட்டியலிற் சேர்த்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கையால் மலமள்ளுவதையும், பாதுகாப்பின்றிக் கழிவுநீர்க் குழியில் ஆளை இறக்குவதையும் தடுத்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாக்கடைப் பணியில் உயிரிழப்போர் குடும்பத்திற்கான இழப்பீட்டை 10 இலட்சத்திலிருந்து 30 இலட்ச ரூபாயாக உயர்த்தியது. ஆயினும் உயிருக்கு விலையுண்டோ? எவரும் குழியில் இறங்காத நாளையே நாம் வேண்டுகிறோம்.

ஆகவே இளைஞர்களே, சட்டம் கற்பீர்! சாக்கடை அடைத்தால் திண்ணையில் பேசிக் கலையாமல், நாளும் இடமும் குறித்து மனு எழுதுவோம். ஒப்புகைச் சீட்டுப் பெறுவோம். நடவடிக்கை இல்லையேல் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி வினவுவோம். 30 நாட்களுக்குள் விடையளிப்பது அலுவலர் கடமை.

நம் வீட்டுக் குப்பையையும் மக்குவது, மக்காதது எனப் பிரித்தே கொடுப்போம். அதை அள்ளும் கை நம் உறவினர் கையன்றோ?

துடைப்பம் பிடித்த கைகளே நமக்குப் புத்தகம் வாங்கித் தந்தன. அக்கடனை எழுதுகோலால் தீர்ப்போம்.