எல்லை கடந்த அரிசி

ஊத்துக்கோட்டையைக் கடந்து வடக்கே சென்றால் ஆந்திரத்துச் சத்தியவேடும் வரதய்யபாளையமும் வருகின்றன. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் அமைந்த திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. அருகிலுள்ள ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளை நாடித் தமிழ்க் குடும்பங்கள் இங்கே குடியேறுகின்றன. கையில் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை. அடுப்பு எரிவதோ ஆந்திரத்தில். இந்த அட்டைக்கு இங்கே அரிசி கிடைக்குமா?

2019 ஆகஸ்டுக்கு முன் இவ்வினாவுக்கே இடமில்லை. அம்மாதத்தில் ஆந்திரமும் தெலங்கானமும், குஜராத்தும் மகாராஷ்டிரமும் இணையிணையாக இம்முறையைத் தொடங்கின. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2022 ஜூனில் நாடு முழுவதும் பரவிற்று.

ஆயினும் எல்லா அட்டையும் எல்லை கடப்பதில்லை. உங்கள் அட்டையில் அச்சிட்டுள்ள ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். பி.எச்.எச். என்றிருந்தால் முன்னுரிமைக் குடும்பம், ஏ.ஏ.ஒய். என்றும் சேர்ந்திருந்தால் அந்தியோதயா. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்விரண்டையுமே காக்கிறது. தொடக்கத்தில் 'என்' என்ற எழுத்து நின்றால், உங்கள் அரிசி மாநில அரசு தன் செலவில் தருவது. அது மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும். வீட்டு அடுப்பையே தீர்மானிக்கும் ஓரெழுத்தை ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்டிருப்பது, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு உறுத்துகிறது. இவ்வகை அட்டைக்கு ஆந்திரத்து வியாபாரி அரிசி தர இயலாது. அவரிடம் சினந்து பயனில்லை. நிலையாகத் தங்க எண்ணுவோர், தமிழ்நாட்டில் பெயரை நீக்கிக்கொண்டு, கிராமச் செயலகத்தில் ஆந்திர அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் புதிய அட்டைக்குத் தகுதி உண்டா என்று விசாரித்தறிந்த பின்னரே பழையதைக் கைவிடுக. இரண்டையும் வைத்திருத்தல் குற்றம்.

முன்னுரிமை அட்டைக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ. அந்தியோதயாவுக்குக் குடும்பத்துக்கு 35 கிலோ. 2023 ஜனவரி முதல் இத்தானியத்துக்கு விலையில்லை. தமிழ்நாடு தன் செலவில் சேர்த்துத் தரும் துவரம்பருப்பையும் பாமாயிலையும் இங்கே எதிர்பார்க்க வேண்டா.

அட்டையைக் கையோடு கொணர வேண்டுமென்பதில்லை. அட்டை எண்ணோ ஆதார் எண்ணோ போதும். ஆதார் இணைந்த உறுப்பினர் ஒருவர் கடைக்குச் சென்று விரல்ரேகை வைக்க வேண்டும். தெலுங்கில் 'சௌக தரல துகாணம்' என்று கேட்டால் கடைக்கு வழி காட்டுவர்.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. பங்கைப் பிரித்தும் வாங்கலாம். நால்வருள்ள முன்னுரிமைக் குடும்பத்தில் கணவனும் மனைவியும் வரதய்யபாளையத்திலும், பிள்ளைகள் இருவர் பாட்டியிடம் ஊரிலும் இருப்பதாகக் கொள்வோம். இங்கே 10 கிலோ பெற்றால், எஞ்சிய 10 கிலோ ஊர்க் கடையில் பிள்ளைகளுக்கு நிற்கும். ஆனால் ஊரிலுள்ளோர் மாத முதலிலேயே முழுதும் வாங்கிவிட்டால் இங்குள்ள கருவி இருப்பில்லை என்றே காட்டும். இங்குள்ளோர் முழுதும் வாங்கினால் பிள்ளைகளின் தட்டு வெறுமையாகும். ஆகவே மாதந்தோறும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நன்று.

வெளிமாநிலத்தார்க்கு இல்லை என்று கையை விரிக்கும் வியாபாரிகளும் உண்டு. அங்ஙனம் நேர்ந்தால் 14445 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில், அட்டை எண்ணையும் கடையின் எண்ணையும் கூறி முறையிடலாம். கடையின் எண் பெரும்பாலும் வாயிற் பலகையிலேயே எழுதியிருக்கும்.