பாலத்துக்கு எதுக்குக் கூரை?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன வாரம் ஒரு குழுவுக்குப் போயிருந்தேன். மூன்று மாதமாகக் கூட்டம் நடக்கவில்லை. தீர்மானப் புத்தகம் காலி. கேட்டால், “சேமிப்பைச் சரியாத்தானே கட்டுறோம் மேடம், கூடி உட்கார்ந்து என்ன பேசறது?” என்றார்கள். அவர்களிடம் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் வெர்மான்ட் என்று ஒரு மாநிலம். அங்கே பார்டன்ஸ்வில் ஒரு சின்னக் குக்கிராமம். அங்கே ஓடும் வில்லியம்ஸ் ஆற்றின் மேல் 1870-ல் சான்ஃபோர்டு கிரேஞ்சர் என்பவர் 151 அடி நீளத்துக்கு மரப்பாலம் கட்டினார். வீடு மாதிரி சுவரும் கூரையும் வைத்த பாலம்!

பாலத்துக்கு எதுக்குங்க கூரை? போறவங்க நனையாம இருக்கவா? இல்லை. பாரம் தாங்குவது இரண்டு பக்கமும் உள்ள மரப்பலகைகள். கூடை பின்னுவது போல அவற்றைக் குறுக்கே குறுக்கே சாய்த்து, சேருமிடத்தில் மர ஆணி அடித்திருப்பார்கள். ஒத்தைப் பலகை வண்டியைத் தாங்காது, சேர்ந்தால் தாங்கும். ஆனால் மழையும் பனியும் பட்டால் சில வருடத்தில் மரம் இற்றுப்போகும். கூரை காத்ததால் அந்தப் பாலம் 141 வருடம் நின்றது. கிரேஞ்சர் கட்டிய வொரால் பாலம் பக்கத்திலேயே இன்றும் இருக்கிறது.

2011 ஆகஸ்ட் 28-ல் ஐரீன் புயல் வெள்ளம் பார்டன்ஸ்வில் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. மக்கள் சும்மா இருக்கவில்லை, நன்கொடை திரட்டினார்கள். 2013 ஜனவரியில் அதே பின்னல் முறையில், கூரையோடு புதுப்பாலம் திறந்தது.

சகோதரிகளே, நம்ம சேமிப்பும் உள்கடனும் பலகை. கூட்டமும் தீர்மானப் புத்தகமும் கூரை. கூரை பாரம் தாங்காது. பாரம் தாங்கும் மரத்தைக் காப்பாற்றும்.

நான் போன குழுவில் ஒரு சகோதரி, மகன் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கந்துவட்டிக்கு வாங்கியிருந்தார். குழுவில் பணம் இருந்தது! கூடிப் பேசாததால் அவர் கஷ்டம் மற்றவர்களுக்குத் தெரியவில்லை, பணம் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கே கூட்டம் போட்டு, அந்தக் கடனை அடைக்க உள்கடன் கொடுக்கத் தீர்மானம் எழுதினார்கள்.

உங்க குழுவில் கடைசியாக எப்போ கூடினீங்க? வீட்டுக்குப் போனதும் புத்தகத்தை எடுத்துப் பாருங்க. இந்த வாரமே கூடுங்க. கணக்கைச் சத்தமா வாசிங்க. யாருக்கு என்ன கஷ்டம்னு கேளுங்க.