சுழலும் பொறியில் விரிசலைக் காணும் வழி

விரைந்து சுழலும் பொறியின் மேற்பரப்பில் உண்டாகும் மயிரிழை விரிசலை எவ்வாறு படம் பிடித்துக் காண்பது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இது வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று.

1989 ஜூலை 19 அன்று, அமெரிக்காவில் டென்வரிலிருந்து சிகாகோ நோக்கிப் பறந்த டிசி-10 விமானத்தின் வால் எஞ்சினில் இருந்த டைட்டானியம் விசிறித் தட்டு வெடித்துச் சிதறியது. 296 பேரில் 112 பேர் மாண்டனர். தட்டில் முன்னரே இருந்த விரிசல், ஒளிரும் சாயமிட்டுச் செய்த சோதனையில் கண்ணுக்குத் தப்பியது என்று விசாரணை உரைத்தது.

நிறுத்திவைத்த தட்டிலேயே விரிசல் தப்புமாயின், சுழலும் தட்டில் அதைக் காண்பது எங்ஙனம்? கணக்கிட்டுப் பார்ப்போம். 1 மீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்திற்கு 3,000 முறை சுழன்றால், அதன் விளிம்பு நொடிக்கு 157 மீட்டர் ஓடுகிறது. கேமரா ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்திருப்பினும், விளிம்பு 157 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், படம் மங்கிப்போகும். ஒளியைப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் பாய்ச்சினால் நகர்வு 0.16 மில்லிமீட்டரே. விரிசல் நுண்ணியதாக ஆக, ஒளியும் குறுகவேண்டும்.

1832இல் பெல்ஜியத்தின் பிளாட்டோவும் ஆஸ்திரியாவின் ஸ்டாம்ஃபரும் தனித்தனியே கண்ட ஸ்ட்ரோபோஸ்கோப்பை, மின்னொளி கொண்டு சுழலும் மோட்டார்களை ஆராயப் பயன்படுத்தி 1931இல் முனைவரானார் ஹரால்டு எட்கர்ட்டன். சுற்றுக்கு ஒருமுறை, அதாவது நம் சக்கரத்திற்கு நொடிக்கு 50 முறை, ஒளி வீசினால் சக்கரம் நின்றதுபோல் தோன்றும். இன்னொரு முறையில், உருளை சுழலச் சுழலக் கேமரா ஒவ்வொரு கோடாகப் படமெடுக்கும்; கோடுகளை அடுக்கினால் உருளையின் மேற்பரப்பு விரித்த பாய்போல் முழுதும் தெரியும்.

இளைஞர்களே, கருவிக்கு உதவும் இதே தோற்றம் தொழிலாளியின் கையைப் பறிக்கவும் கூடும். பழைய சோக் பூட்டிய குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. அதன்கீழ் நிமிடத்திற்கு 2,000 சுற்றுச் சுழலும் லேத்தின் மூன்று தாடைச் சக், ஒவ்வொரு மினுக்கிலும் மூன்றில் ஒரு சுற்று நகர்வதால், நிற்பதுபோலவே தோன்றும்.

உங்களுள் பலர் நாளை தொழிற்கூடங்களில் பணிபுரிவீர். அறியாமையின் விலையைப் பொறியருகே நிற்பவனே கொடுக்கிறான். ஆதலின் மின்சாரத்தைத் துண்டித்து, சுழற்சி நின்றதை உறுதிசெய்த பின்னரே கை வையுங்கள். விரிசல் கண்டால் அஞ்சாது எடுத்துரையுங்கள். அதற்குரிய அறிவைப் பெறவே நாம் கல்வி கற்கிறோம்.